மிதந்து வந்தது யாருக்கு?
ஆற்றிலும் கடலிலும் கண்டெடுக்கும் பொருளுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. கண்டெடுத்தவருக்கு?

2022 மே 10. அசானி புயல் வங்கக் கடலைக் கலக்கிக்கொண்டிருந்தது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில், சுன்னாபல்லி கடலோரத்தில் இருந்த மீனவர்களின் கண்ணில் பொன்னிறத்தில் ஏதோ பட்டது. அலையில் ஏறி இறங்கியபடி வந்தது ஒரு தேர். புத்த மடாலயத்தின் கூரை போன்ற கோபுரம், சுற்றிலும் தூண்கள். கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தார்கள். சற்று நேரத்தில் ஊரே திரண்டது. தங்கத் தேர் என்ற செய்தி தேரைவிட வேகமாக மிதந்தது. உண்மையில் தங்கம் இல்லை, தங்க நிறப் பூச்சுதான். மியான்மர் பக்கத்திலிருந்து புயல் அடித்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று யூகித்த உள்ளூர் போலீசார், உளவுத் துறைக்குத் தகவல் சொன்னார்கள்.

புயல் நேரத்துக் கடலில் கயிறு கட்டி இழுத்தவர்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி அந்தப் பரபரப்பில் யாருக்கும் தோன்றவில்லை. வழக்கமாகவே அது தோன்றுவதில்லை.

நீரில் மிதந்து வரும் பொருளைப் பற்றி மக்களிடையே இரண்டு நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, கடலம்மா கொடுத்தது, கண்டவனுக்கே சொந்தம். இரண்டு, தொட்டால் போலீஸ் வரும், பார்க்காததுபோலப் போய்விடு. இரண்டுமே தவறு. ஆனால் இரண்டாவது நம்பிக்கைக்கு அனுபவத்தின் பலம் இருக்கிறது. இந்தியச் சட்டங்கள் கண்டெடுத்தவருக்குக் கடமைகளையும் வைத்திருக்கின்றன, உரிமைகளையும் வைத்திருக்கின்றன. அதிகாரிகள் நினைவூட்டுவது கடமைகளை மட்டும்தான்.

முதலில் பொதுவான விதி. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தன்வயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. பழைய சட்டத்தின் 403ஆவது பிரிவுதான் இது. ஆனால் தண்டனை கடுமையாகியிருக்கிறது. முன்பு அபராதத்தோடு தப்பிக்க வழி இருந்தது. இப்போது குறைந்தது 6 மாதச் சிறை, அதிகபட்சம் 2 ஆண்டு. கண்டெடுப்பது குற்றமல்ல. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்து வைப்பதும் குற்றமல்ல. உரியவர் யார் என்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், அதற்கு முயலாமல் தன்னுடையதாக்கிக்கொள்வதுதான் குற்றம். சட்டப் புத்தகமே இதற்கு ஓர் உதாரணம் தருகிறது: சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை, எடுத்துக்கொண்டால் குற்றமில்லை. முகவரியோடு கூடிய பை என்றால் கதை வேறு. பெயர், பதிவு எண், முத்திரை என்று ஏதாவது ஒன்று இருந்தாலே ‘யாருடையது என்று தெரியாது’ என்ற வாதம் மூழ்கிவிடும்.

இனி அதிகம் பேசப்படாத பகுதி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கண்டெடுத்தவரைக் கிட்டத்தட்ட அடைக்கலப் பொருளைக் காப்பவராகவே பார்க்கிறது. தன் சொந்தப் பொருளைப் போல அதைக் கவனமாக வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 168ஆவது பிரிவு அவருக்கு ஒரு பிடி கொடுக்கிறது. பொருளைக் காப்பாற்றவும் உரியவரைத் தேடவும் ஆன செலவையும் சிரமத்தையும் ஈடுசெய்யும்வரை பொருளைத் தர மறுக்கலாம். செலவைக் கேட்டு வழக்குப் போட முடியாது, ஆனால் பொருளைப் பிடித்து வைக்கலாம். உரியவர் குறிப்பிட்ட வெகுமதி அறிவித்திருந்தால் அதற்காக வழக்கே தொடரலாம். பொருள் அழுகிவிடும் நிலையிலிருந்தாலோ, நியாயமான செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிட்டாலோ, அது சாதாரணமாக விற்பனைக்கு உரிய பொருளாக இருந்து, உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத அல்லது அவர் செலவைத் தர மறுத்த நிலையில், அதை விற்கவும் 169ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக இருக்கும் இந்த உரிமையை ஒரு படகுக்காரர் பயன்படுத்திக் கேள்விப்படுவது அபூர்வம். காவல் நிலைய மேஜையில் பொருளை வைத்த கணத்தில் பிடி கைமாறிவிடுகிறது.

ஆனால் இந்தப் பொது விதி எல்லா மிதவைக்கும் பொருந்தாது. எது மிதக்கிறது, எங்கே மிதக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் நிறம் மாறுகிறது.

மரத்தை எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் கேரளத்தின் பத்தனம்திட்டை மாவட்டத்தில் கனமழை. சீதத்தோடு பகுதியில் வெள்ளம் புரண்டோடிய காக்காட்டாற்றில் மூன்று இளைஞர்கள் குதித்தார்கள். மிதந்து வந்த பெரிய மரத்தின் மேல் ஏறிச் சவாரி செய்த வீடியோ நாடெங்கும் பரவியது. பார்த்தவர்கள் சினிமாக் காட்சி என்று கைதட்டினார்கள். போலீஸ் வழக்குப் போட்டது. உயிரோடு விளையாடியது ஒருபுறம் இருக்க, மலையாற்று ஓரங்களில் மழைக்காலம் என்றால் கயிறும் கொக்கியுமாக ஆட்கள் கரையில் நிற்பது காலங்காலமாக நடப்பது. ஒரு நல்ல மரம் சிக்கினால் ஒரு பருவத்து விறகுக் கவலை தீரும்.

சட்டம் அதை விறகாகப் பார்ப்பதில்லை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் ‘அடித்து வரப்பட்ட மரங்கள்’ பற்றித் தனி அத்தியாயமே உண்டு. 45ஆவது பிரிவின்படி, மிதந்து வந்த, கரை ஒதுங்கிய, மூழ்கிய மரம் எதுவானாலும், வேறு யாராவது தன் உரிமையை நிரூபிக்கும்வரை அரசின் சொத்து. வனத்துறை அதைச் சேகரித்துப் பொது அறிவிப்பு வெளியிடும். உரிமை கோருபவர்களுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம். யாரும் வராவிட்டால் மரம் அரசுக்கே. கேரளத்தின் 1961ஆம் ஆண்டு வனச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது.

இந்த விதியின் வேர் இமயமலையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைகளுக்கு லட்சக்கணக்கில் சிலீப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. சாலையில்லாத மலைகளில் வெட்டிய தேவதாரு மரங்களை ஆற்றிலேயே தள்ளிவிட்டுச் சமவெளியில் பிடித்தார்கள். ஒவ்வொரு வியாபாரியும் தன் மரத்தில் சுத்தியல் முத்திரை குத்தினார். வழியில் இருந்த கிராமத்தார் மரத்தை இழுத்து முத்திரையைச் செதுக்கிவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் முத்திரை அழிக்கப்பட்ட மரமும் அரசுடையது என்று எழுதி வைத்தார்கள். ஆற்றில் கட்டை மிதக்கவிடும் வியாபாரம் பழங்கதையாகிவிட்டது. அவர்களுக்காக எழுதிய விதி மட்டும் நிற்கிறது.

விதி நிற்பதற்குப் புதிய நியாயமும் கிடைத்திருக்கிறது. 2025 ஜூன் மாத வெள்ளத்தின்போது இமாச்சலப் பிரதேசத்தின் பண்டோ அணையில் மரக்கட்டைகள் வந்து குவிந்தன. அந்த மழைக்காலத்தில் ஆறுகளில் கட்டைகள் கூட்டங்கூட்டமாக மிதக்கும் காட்சிகளைக் கண்ட உச்ச நீதிமன்றம், செப்டம்பரில் மத்திய அரசிடமும் மாநிலங்களிடமும் விளக்கம் கேட்டது. மலையில் சட்டவிரோதமாக மரம் வெட்டப்படுகிறது என்றே முதல் பார்வையில் தோன்றுவதாக நீதிபதிகள் கருதினார்கள். அதாவது மிதக்கும் மரம் சொத்து மட்டுமல்ல, சாட்சியமும்கூட. கரையோரத்துக் குடும்பம் ஒன்று அதை அறுத்து அடுப்பில் வைத்தால் யாரோ பெரிய கைகளின் தடயமும் சேர்ந்து எரிகிறது. இதைக் கிராமத்தாரிடம் எடுத்துச் சொல்லி, பிடித்துக் கொடுப்பவருக்குக் கூலி என்று அறிவித்தால் வனத்துறைக்குத்தான் லாபம்.

கடலுக்கு வந்தால் விதிகள் இன்னும் விரிவானவை. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம், கப்பலிலிருந்து விழுந்து மிதக்கும் சரக்கு, வீசி எறியப்பட்டது, மிதவை கட்டி மூழ்கடிக்கப்பட்டது, கைவிடப்பட்ட கப்பல் எல்லாவற்றையும் ‘சிதைவு’ என்ற ஒரே சொல்லில் அடக்கியது. கண்டெடுத்தவர் உரிமையாளராக இல்லாவிட்டால், மத்திய அரசு இதற்கென நியமித்த அதிகாரியிடம் கூடிய விரைவில் ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் ஓராண்டுக்குள் வந்து நிரூபித்தால், மீட்புக்கான தொகையையும் செலவுகளையும் செலுத்திவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். மீட்டவருக்குத் தொகை உண்டு என்பது கடல் வணிகத்தின் மிகப் பழைய நியாயம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வணிகக் கப்பல் சட்டத்திலும் சிதைவுக்கும் மீட்புக்கும் இடமிருக்கிறது. இதற்கு மேல் சுங்கத் துறை. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, கடலில் மிதந்து வந்து இந்தியாவைச் சேரும் சரக்கை இறக்குமதி செய்த சரக்காகவே கருதுகிறது. அலை கொண்டுவந்து தள்ளியதற்கும் தீர்வை உண்டு!

இந்த விதிகளுக்கெல்லாம் 2025 மே மாதம் ஒரு பெரிய சோதனை வந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற லைபீரியக் கொடி தாங்கிய சரக்குக் கப்பல், மே 24ஆம் தேதி கொச்சியிலிருந்து சுமார் 38 கடல் மைல் தூரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலில் இருந்தவை 640 கன்டெய்னர்கள். 13இல் அபாயகரமான சரக்கு. அதில் 12 கால்சியம் கார்பைடு. வெல்டிங் பட்டறைகளிலும், மாம்பழத்தைத் தடையை மீறிப் பழுக்க வைக்கும் குடோன்களிலும் பார்க்கிற அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயுவைக் கக்கும், ஒரு பொறி போதும். அத்தகைய பெட்டி தண்ணீரில் மிதந்து வருகிறது என்றால் என்ன பொருள் என்று சொல்லவேண்டியதில்லை.

இரண்டொரு நாளில் கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கடற்கரைகளில் கன்டெய்னர்கள் ஒதுங்கத் தொடங்கின. 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள், 112க்குத் தகவல் கொடுங்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரித்தது. கண்டெடுப்பவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் இதைவிடத் தெளிவானது அண்மைக் காலத்தில் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பாதி மூழ்கியபடி மிதக்கும் கன்டெய்னர், இரவில் படகு ஓட்டுபவருக்குக் கண்ணுக்குத் தெரியாத பாறை.

பெட்டிகளைவிடப் பெரிய தலைவலி, பருப்பளவே உள்ள வெள்ளை பிளாஸ்டிக் மணிகள். பிளாஸ்டிக் சாமான்கள் செய்வதற்கான மூலப்பொருள். மூட்டைகள் கிழிந்து கோடிக்கணக்கில் சிதறி, கேரளக் கரையைத் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும், பிறகு தனுஷ்கோடிக்கும் வந்து சேர்ந்தன. ‘உரியவரிடம் சேர்ப்பது’ என்ற சொற்களுக்கு இங்கே பொருளே இல்லை. தன்னார்வலர்கள் சல்லடையும் முறமுமாகச் சலித்தார்கள்.

மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குக் கேரள அரசு அறிவித்த உடனடி நிவாரணம் 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும். அதே அரசு, கப்பல் நிறுவனத்திடம் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டுக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்தில் தடுத்து வைத்த நீதிமன்றம், 2025 செப்டம்பரில் சுமார் 1,227 கோடி ரூபாய்க்குப் பிணை தரச் சொன்னது. பெரிய சரக்குக்கு உரிமையாளர் உண்டு, காப்பீடு உண்டு, வழக்கறிஞர் உண்டு. கன்டெய்னரில் சிக்கி வலை கிழிந்தவர், எந்த இடத்தில், எந்தப் பெட்டியில், எத்தனை மணிக்கு என்று தானே நிரூபிக்க வேண்டும். அதனால்தான் கடலில் எதைக் கண்டாலும் ஜி.பி.எஸ். குறியையும் நேரத்தையும் எழுதி வைப்பது, செல்போனில் படம் எடுத்து வைப்பது இரண்டும் முக்கியம். பிடித்து இழுப்பதைவிட முக்கியம்.

எடுத்துவைத்துக்கொள்ளவே கூடாத சில பொருட்களும் மிதக்கின்றன. 2022 ஜூலையில் விழிஞ்ஞத்து மீனவர்கள் கடலில் கண்ட மெழுகு போன்ற கட்டி 28 கிலோவுக்கும் அதிகமான எடை. அம்பர்கிரிஸ், நம் பழைய மருந்துக் கடைகளில் மீனம்பர் என்றது. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகி, வாசனைத் திரவியத் தொழிலில் பொன்னாக மதிக்கப்படுவது. அன்றைய மதிப்பு சுமார் 28 கோடி ரூபாய் என்று செய்திகள் கூறின. அவர்கள் அதைக் கரைக்குக் கொண்டுவந்து கடலோரப் போலீசாரிடம் ஒப்படைத்தார்கள். அங்கிருந்து வனத்துறைக்குப் போனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய பொருள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி பங்கு எதுவும் கிடையாது. 28 கோடியைக் கையில் ஏந்தி, அப்படியே நீட்டிய கைகளுக்கு ஒரு சான்றிதழாவது சட்டத்தில் எழுதியிருக்கலாம்.

இன்னொன்று பொட்டலம். 2020 முதல் சில ஆண்டுகள் குஜராத்தின் கச்சு கடலோரத்தில், ஜக்காவ் பகுதித் தீவுத் திட்டுகளில், சரஸ் பொட்டலங்கள் ஒதுங்கியபடியே இருந்தன. கடத்தல் படகுகள் பிடிபடும் நேரத்தில் கடலில் வீசியவை என்பது பாதுகாப்புப் படையினரின் கணிப்பு. போதைப் பொருள் சட்டத்தில் கையில் வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். ஒட்டி ஒட்டிச் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆசைக்கு விலை அதிகம். இடத்தைக் குறித்துக்கொண்டு கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்குச் சொல்வதோடு நிற்பது நல்லது.

இதற்கு நேர்மாறாக, தொலைந்ததுபோலத் தோன்றும் பல பொருட்கள் தொலைந்தவையே அல்ல. உல்லாசப் படகில் செல்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. ஏரியிலோ காயலிலோ தனியாக மிதக்கும் தெர்மக்கோல் துண்டு, மூடி இறுகிய பிளாஸ்டிக் கேன், கொடி குத்திய மூங்கில் இவையெல்லாம் பெரும்பாலும் கீழே யாரோ விரித்திருக்கும் வலைக்கோ நண்டுப் பொறிக்கோ அடையாளம். குப்பையை அகற்றுகிறோம் என்ற நல்ல எண்ணத்தில் இழுத்தால் ஒருவரின் அன்றையப் பிழைப்பு அறுந்து போகும். ஆழ்கடலில் மஞ்சள் நிறத்தில் ஆன்டெனாவோடு நிற்கும் மிதவைகளும் அப்படித்தான். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் காற்றையும் அலையையும் சுனாமியையும் அளக்க நங்கூரமிட்டு வைத்தவை. நிழலில் மீன் கூடுகிறது என்பதால் படகுகள் அதில் கயிறு கட்டி, கருவிகள் சேதமாவது நெடுநாள் பிரச்சினை. புயல் எச்சரிக்கைக்கு உதவும் தகவல், புயலுக்கு முதலில் பலியாகும் மீனவரின் கயிற்றாலேயே நின்றுபோகிறது.

ஆளில்லாத மீன்பிடிப் படகு தென்பட்டால், முதலில் தேட வேண்டியது ஆளை. கயிறு அறுந்து தானாக வந்த படகா, யாராவது தவறி விழுந்த படகா என்று தெரியாது. கடலோரக் காவல் படைக்கு உடனே தகவல். அதன் பிறகுதான் சொத்து விஷயம். பக்கவாட்டில் ஐ.என்.டி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும்; அடுத்த இரண்டு எழுத்துகள் மாநிலத்தைச் சொல்லும். அதை வைத்து மீன்வளத் துறை உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வாங்கிய படகு திரும்பக் கிடைத்தால், இழுத்து வந்தவரின் டீசல் செலவைத் தர மறுப்பவர் மீனவர்களிடையே குறைவு. சட்டப் பிரிவு தெரியாமலே சட்டம் நடைமுறையாகும் இடம் இது ஒன்றுதான்.

ஆலப்புழையிலோ தால் ஏரியிலோ சுற்றுலாப் படகில் போகிறவருக்குத் தேரும் அம்பரும் கிடைக்கப்போவதில்லை. தொப்பி, கைப்பை, உயிர்காப்பு அங்கி, துடுப்பு. எட்டி எடுக்கக் குனிந்து படகைச் சாய்க்காமல் படகோட்டியிடம் சொல்வது முதல் வேலை. அவருடைய கொக்கிக்கு அது எட்டும். படகுத் துறை அலுவலகத்தில் கொடுக்கும்போது என்ன, எங்கே, எப்போது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இரண்டாவது. பணமோ நகையோ அடையாள அட்டையோ இருந்தால் காவல் நிலையம். 1861ஆம் ஆண்டின் போலீஸ் சட்டப்படி உரிமையாளரில்லாப் பொருளுக்கு மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிட்டு, 6 மாதம் பார்த்து, யாரும் வராவிட்டால் அது அரசைச் சேரும். பல மாநிலங்கள் தமக்கென வேறு போலீஸ் சட்டம் வைத்திருக்கின்றன. கால அளவு மாறலாம். எந்த மாநிலமானாலும் ரசீது இல்லாமல் ஒப்படைத்த பொருள் மீண்டும் ஒருமுறை தொலையக்கூடும்.

மீதமிருப்பது, யாரும் உரிமை கோராத மிதவை. கிழிந்த வலை, நைலான் கயிறு, பாட்டில், பை. வலையில் மீனோடு ஏறும் இவற்றைத் திரும்பக் கடலிலேயே கொட்டுவதுதான் வழக்கம், ஏனென்றால் கரையில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. எல்சாவின் பெட்டிகள் ஒதுங்கிய அதே கொல்லம் மாவட்டத்தின் நீண்டகரைத் துறைமுகத்தில், 2017இல் ‘சுசித்வ சாகரம்’ என்ற திட்டம் தொடங்கியது. விசைப்படகுகளுக்கு நைலான் பைகள் கொடுத்தார்கள். வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை அதில் போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். துறைமுகத்தில் பெண்கள் அதைப் பிரித்து, கழுவி, உலர்த்தி, இயந்திரத்தில் போட்டுத் துகளாக்கினார்கள். அந்தத் துகள் தாரோடு கலந்து சாலைக்குப் போனது. பொருள் எங்கே கிடைத்தது, யாருடையது, ஏன் எடுத்தாய் என்ற கேள்விகள் அந்த மேடையில் இல்லை.